கடலில் நின்றுபோன படகு: முதல் ஆறு மணி நேரக் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நேப்பியர் பாலம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். பாலத்தை ஒட்டி இந்தியக் கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம் இருக்கிறது. சென்னை கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையமும் அங்கேதான். இந்தியாவில் இப்படி மூன்று மையங்கள்: மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). கிழக்குக் கரையோரம் எந்தப் படகு தத்தளித்தாலும் செய்தி கடைசியில் வந்து சேரும் இடம் சென்னை மையம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் காசிமேட்டில் ஒரு நினைப்பு உண்டு: கோஸ்ட் கார்டுக்குச் சொன்னால் போதும், கப்பல் வந்துவிடும். கப்பல் கிளம்பிவிடும், அதில் சந்தேகமில்லை. எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதில்தான் எல்லாம் சிக்குகிறது.

தேடுதல், மீட்பு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். படகைக் கண்ணில் பார்த்த பிறகு ஆட்களை ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேர வேலை. நாள்களைத் தின்பது தேடல். தேடவேண்டிய பரப்பு பெரிதா சிறிதா என்பதை, படகில் இருப்பவர் கடைசியாகச் சொன்ன நாலு வார்த்தைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கப்பலின் வேகமோ விமானத்தின் ரேடாரோ அதற்கு அப்புறம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெஷின் நின்ற படகு மணிக்கு ஒரு கடல் மைல் வீதம், அதாவது ஒரு நாட் வேகத்தில், மிதந்துபோகிறது என்று வையுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், நடக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. எந்தத் திசையில் போகிறது என்று கரையில் யாருக்கும் தெரியாது. 6 மணி நேரம் கழித்துத் தேட வேண்டிய வட்டம் 113 சதுரக் கடல் மைல், ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். 12 மணி நேரத்தில் அது 1,550 சதுர கிலோமீட்டர் ஆகிறது. 24 மணி நேரத்தில் 6,200. நேரம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்காகும். இதுவும் படகு நின்ற இடம் சரியாகத் தெரிந்திருந்தால்தான்.

கடலோரக் காவல்படையின் டார்னியர் ரோந்து விமானம் 150 நாட் வேகத்தில், ஒரு கடல் மைல் இடைவெளி விட்டு, உழவு ஓட்டுவது மாதிரி மேலும் கீழும் போய் வந்தால் மணிக்கு 150 சதுரக் கடல் மைல் பார்க்கலாம். 24 மணி நேர வட்டத்தை ஒருமுறை பார்த்து முடிக்க 12 மணி நேரம் வேண்டும். ஒரு விமானம் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பறக்காது. பகல் வெளிச்சமும் அவ்வளவுதான். பறக்கிற நேரத்தில் படகு இன்னும் நகர்ந்திருக்கும். தண்ணீரில் மிதக்கிற ஆளின் தலையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரு மைல் இடைவெளி போதாது. அரை மைல், அதற்கும் குறைவாக நெருக்கி ஓட்ட வேண்டும். வேலை இரட்டிக்கும். அலையின் முனை வெள்ளையாக உடைகிற நாளில் வெள்ளை ஃபைபர் படகும் நுரையும் மேலிருந்து ஒன்றாகத்தான் தெரியும்.

இது சின்னப் படகுக்கு மட்டும் வரும் பாடு என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல்படையின் சொந்த டார்னியரே மூன்று பேருடன் காணாமல் போனது. கப்பல்கள், நீர்மூழ்கி, தனியார் ஆய்வுக் கப்பல் என்று எல்லாம் இறங்கியும் கடலூர்ப் பக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கு மேலானது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் காணாமல் போனது இன்னும் மோசம். அதன் பாகங்களைப் பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்தது. 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. அரசின் எல்லாக் கண்களும் திறந்திருந்தும் இதுதான் நிலை.

மிதந்துபோகும் திசை

திசையே தெரியாது என்று மேலே வைத்துக்கொண்டோம். உண்மையில் ஓரளவு தெரியும். நின்ற படகை இரண்டு சக்திகள் தள்ளும்: நீரோட்டம் படகை அப்படியே தூக்கிக்கொண்டு போகும், காற்று தன் வேகத்தில் 3 முதல் 5 சதவீதம் அளவுக்குத் தள்ளும். 20 நாட் காற்றென்றால் காற்றினால் மட்டும் முக்கால் நாட், ஒரு நாட். படகின் பக்கவாட்டு உயரம் கூடக்கூடத் தள்ளலும் கூடும். நீரில் விழுந்த ஆளைக் காற்று அதிகம் தள்ளாது. அவர் நீரோட்டத்தோடுதான் போவார். ஆகவே படகும் அதிலிருந்து விழுந்தவரும் சில மணி நேரத்தில் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள். கடலில் ஆள் விழுந்தால், விழுந்த நேரமும் அந்த நேரத்துப் படகின் இடமும் தனியாக வேண்டும் என்று மீட்பு மையம் நச்சரிப்பதன் காரணம் இதுதான்.

வடசென்னைக் கடலில் இது பருவத்துக்குப் பருவம் மாறும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். குப்பத்துப் பேச்சில் வன்னி. வாடைக்காற்றும் சேர்ந்து தள்ளும். எண்ணூருக்குக் கிழக்கே நின்ற படகு மெரினா, கோவளம் என்று தெற்கே இறங்கி, கரையையும் நெருங்கும். மாசி, பங்குனியில் ஓட்டம் திரும்பி வடக்கே போகும், அது தெண்டி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும்போது நின்றுபோன படகு கரையை விட்டு விலகி வடகிழக்கே போய்க்கொண்டே இருக்கும். 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து போன ஒரு விசைப்படகு தொடர்பறுந்து, செப்டம்பரில் மியான்மர் பக்கம் கிடைத்தது அந்தப் பருவத்துக்கே உரிய பாதை. வாடைக்காலத்தில் நின்ற படகுக்குக் கரை ஆபத்து. கச்சான் காலத்தில் நின்ற படகுக்குத் தூரம் ஆபத்து. இரண்டாவதில் உயிர் காப்பது குடிதண்ணீர்.

ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2016 முதல் சராத் என்ற கருவியை வைத்திருக்கிறது. கடைசியாகத் தெரிந்த இடம், நேரம், பொருளின் வகை மூன்றையும் கொடுத்தால் அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து, படகு இருக்கக்கூடிய பரப்பை வரைபடமாகத் தரும். மீட்பு மையத்தின் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிக் கணிப்பில்தான் தொடங்குகிறது. "சாயங்காலம் நின்னுச்சு" என்றால் 4 மணியா, 7 மணியா? அந்த மூன்று மணி நேரக் குழப்பத்தைக் கருவி அப்படியே பரப்பாக மாற்றிக் கையில் கொடுத்துவிடும்.

எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். கடலில் மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தின் முழு வேகத்தோடு காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீதத்தையும் சேர்த்துக்கொண்டு நகரும். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. வடகிழக்குப் பருவத்தின் வால். கொட்டிய கனரக எரிபொருள் எண்ணெய் எர்ணாவூர், ஆர்.கே. நகர் குப்பம் என்று தெற்கே இறங்கி மெரினாவையும் தாண்டிப் போனது. எங்கே போகும் என்பது மோதிய அன்றே கணக்கிடக்கூடியது. ஆனால் முதல் நாள் வந்த செய்தி, பெரிதாக எதுவும் கொட்டவில்லை என்பது. இங்கேயும் சிக்கல் முதல் தகவலில்தான்.

அன்று கரையில் வாளியால் அள்ளியதைப் பார்த்து, இத்தனை பெரிய நாட்டில் ஒரு இயந்திரம் இல்லையா என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்வி, ஆனால் பாதி பதில் எண்ணெயிலேயே இருக்கிறது. கனரக எண்ணெய் அலையில் கடைபட்டுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று நாலு மடங்கு பருத்துக் களியாகும். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைச் சிதறடிக்கும் மருந்தும் களியானபின் வேலை செய்யாது. ஆழம் குறைந்த கரையோரத்தில் தெளிக்கவும் கூடாது, மீன்குஞ்சும் இறாலும் அங்கேதான் வளர்கின்றன. மிதவைத் தடுப்பு அலை உடைகிற இடத்தில் நிற்காது. எண்ணெய் அடியில் நுழைந்தும் மேலே தாவியும் போய்விடும். கப்பலைச் சுற்றி முதல் சில மணி நேரத்தில் தடுப்புப் போட்டால்தான் உண்டு. இல்லையென்றால் வாளிதான்.

யார் பொறுப்பு என்பதும் தேசிய எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஒருங்கிணைப்பு கடலோரக் காவல்படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம். கரையில் மாநில அரசு. எழுத்தில் தெளிவு, எண்ணூரில் குழப்பம். இங்கே துறைமுக எல்லை, திறந்த கடல், கழிமுகம், குப்பத்துக் கரை நான்கும் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது, அது கடலில் தொடங்கிய கசிவே இல்லை. கடலோரக் காவல்படை அங்கே துணைக்கு வந்தது. முன்னின்று அள்ளியவர்கள், மறுபடியும், மீனவர்கள்.

இடத்தைச் சொல்லும் விதம்

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தங்கள் இடம் நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிற முறைதான் கரையில் இருப்பவரைக் குழப்புகிறது. "காசிமேட்டுக்கு நேரா, நாப்பது பாகத்துல இருக்கோம்" என்றால், ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்ற கணக்கில் 73 மீட்டர் ஆழம். சென்னைக் கரையில் ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் பெரும்பாலும் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஆகவே ஆழம் சொன்னால் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். வடக்கே எங்கே, தெற்கே எங்கே என்பது தெரியாது. "நேரா" என்பதோ கண்ணளவு. ஆழத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், எண்ணைச் சரிபார்க்க உதவும். ஆனால் ஜிபிஎஸ் எண்ணுக்கு அது மாற்றாகாது.

ஜிபிஎஸ் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ஒரே இடத்தைக் கருவி மூன்று விதமாகக் காட்டும்: பாகையும் (டிகிரி) நிமிடமும் புள்ளியும், பாகை நிமிடம் வினாடி, வெறும் பாகையும் புள்ளியும். காசிமேட்டு அகலாங்கு (அட்சரேகை) 13 பாகை 7.5 நிமிடம், அதையே இன்னொரு கருவி 13.125 என்று காட்டும். படகில் இருப்பவர் "பதிமூணு புள்ளி முப்பது" என்கிறார். அது பாகைக் கணக்கென்றால் 13 பாகை 18 நிமிடம், காட்டுப்பள்ளிக்கு நேர் கிழக்கு. கேட்டவர் 13 பாகை 30 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் பழவேற்காட்டையும் தாண்டி வடக்கு. இரண்டுக்கும் நடுவே 12 கடல் மைல், 22 கிலோமீட்டர். தப்பாகச் சொன்னவரும் இல்லை, தப்பாகக் கேட்டவரும் இல்லை. ஆனால் விமானம் வேறு கடலில் பறந்துகொண்டிருக்கும்.

ஆகவே கருவியைப் பாகை, நிமிடம், புள்ளி என்ற முறையில் நிலையாக வைத்துவிடுவது நல்லது. கடல் வரைபடமும் கப்பல்களும் அந்த முறையில்தான் பேசுகின்றன. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "வடக்கு ஒன்று மூன்று பாகை, பூச்சியம் ஏழு புள்ளி ஐந்து நிமிடம்." இரண்டு முறை சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். பிறகு எண் எடுத்த நேரம். பிறகு படகின் பதிவு எண் முழுசாக. சென்னை விசைப்படகென்றால் ஐஎன்டி, டிஎன், 02, எம்எம் என்று தொடங்கும். ஆள் எத்தனை, என்ன கோளாறு, தண்ணீர் ஏறுகிறதா இல்லையா. படகின் பெயர் கடைசியில் போதும். ஒரே சாமி பெயரில் எத்தனையோ படகுகள் இருக்கின்றன.

எதில் சொல்வது? டவர் எட்டும் தூரம்வரை கைப்பேசியில் 1554, கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண். 1093 கடலோரப் பாதுகாப்புக் காவல்துறைக்கு. சந்தேகத்துக்குரிய படகு, ஆள் பற்றிச் சொல்ல. உயிர்ச் சிக்கலுக்கு 1554தான். டவர் போனபின் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல்.

விஎச்எஃப் அலை பார்வைக்கோட்டில்தான் போகும்; பூமியின் வளைவுதான் எல்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.23-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் பங்கு கடல் மைலில் கிடைக்கும். இரண்டு முனையின் பங்கையும் கூட்ட வேண்டும். படகில் 4 மீட்டர் உயரம், கரையில் 100 மீட்டர் கோபுரம் என்றால் ஏறத்தாழ 27 கடல் மைல். படகுக்குப் படகு 9 மைல்தான். 25 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள கப்பலோடு 15 மைல். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் டார்னியரோடு 40 மைலுக்கு மேல். விமானச் சத்தம் கேட்டால் சட்டையைக் கழற்றி ஆட்டுவதற்கு முன் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். 5 வாட் கைக்கருவியே போதும். அவருக்கு நீங்கள் தெரிவதற்கு முன் உங்கள் குரல் கேட்டுவிடும். தூரம் எட்டாத கருவிக்கு வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவது மேல். கேபிள் இணைப்பில் உப்பு பூத்துப் பச்சைப் பாசி பிடித்திருந்தால் 25 வாட்டும் வெளியே போகாது. கேட்கும், பேச்சு மட்டும் போகாது. வயர்லெஸ் "கேக்குது, ஆனா அவங்களுக்குக் கேக்கல" என்றால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள்.

16-ஆம் சேனலைப் பேச்சுக்குப் பிடித்து வைக்கும் பழக்கம் பெரிய கெடுதல். மீன் விலையும் ஐஸ் கணக்கும் பேச வேறு சேனல்கள் இருக்கின்றன. ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுற்றியுள்ள யாருடைய அபயக்குரலும் அவரைத் தாண்டி வராது.

27 மைலுக்கு அப்பால் வயர்லெஸ் ஊமை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக்காரர்களின் படகுகள் அந்த எல்லைக்கு வெகுதூரம் வெளியே இருந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. காசிமேட்டிலிருந்து பத்துப் பதினைந்து நாள் தங்கலுக்கு ஆந்திரக் கடல்வரை போகும் விசைப்படகுகளுக்கும் அதே நிலைதான். இதற்கு விடை செயற்கைக்கோள். இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி டாட் 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பழைய டாட் ஒருவழி: பட்டனை அழுத்தியவருக்குச் செய்தி போனதா என்று தெரியாது. இரண்டாம் தலைமுறையில் பதில் திரும்பி வரும். செய்தி முதலில் பெங்களூருக்குப் போய், அங்கே படகின் அடையாளமும் இடமும் பிரித்தெடுக்கப்பட்டு மீட்பு மையத்துக்கு வரும். இதைத் தவிர விசைப்படகுகளில் இப்போது பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் இருவழி. கைப்பேசியோடு புளூடூத்தில் இணைத்துக் குறுஞ்செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கையும் வாங்கலாம்.

இவை பாழாகும் வழிகள் எல்லாப் படகிலும் ஒன்றுதான். வானம் தெரியும் இடத்தில் இல்லாமல், களவு போய்விடுமென்று கேபினுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். மேலே தார்ப்பாய், அதன்மேல் வலை. பேட்டரி கெட்டிருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், படகை விற்றபின் கருவிப் பதிவில் பழைய உரிமையாளர் பெயரும் எண்ணும் அப்படியே இருப்பது. எச்சரிக்கை வந்ததும் மையம் முதலில் பதிவிலுள்ள எண்ணைக் கூப்பிடும்; தவறிப்போய் அழுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டுமே. "அந்தப் படகை வித்து மூணு வருஷம் ஆச்சுங்க" என்ற பதில் வந்தால், புதியவரைத் தேடிப் பிடிக்கவே முதல் ஆறு மணி நேரம் கரைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையேறி நிற்கிறபோது பெயிண்டுக்கும் மெஷினுக்கும் காட்டுகிற அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்டலாம்.

கப்பல் வரும்வரை

மெஷின் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது: டீசலில் தண்ணீர், அடைத்த ஃபில்டர், அறுந்த பெல்ட், காற்று பிடித்த குழாய், காற்றாடியில் (ப்ரொப்பல்லர்) சுற்றிய வலைக்கயிறு. இரண்டு ஃபில்டர், ஒரு செட் பெல்ட், ஒரு நல்ல கத்தி இருந்தால் பாதிப் படகுகள் தானே திரும்பிவிடும். அது முடியாது என்று தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவது, பேட்டரியும் பகலும் தீர்ந்தபின் கூப்பிடுவதில்தான் முடியும். சரியாகிவிட்டால் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மெஷின் நின்றால் பேட்டரி ஏறாது. 25 வாட்டில் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5, 6 ஆம்பியர் போகும். சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர்கூட ஆகாது. வெளிச்சம் பாய்ச்சுகிற எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு, வயர்லெஸ்ஸைக் கேட்பில் வைத்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பேசுவது நல்லது. ஆழம் குறைவென்றால் நங்கூரம் போட்டுவிடுங்கள். நகராத படகைத் தேட வேண்டியதே இல்லை. நங்கூரம் எட்டாத ஆழத்தில் வலையையோ தார்ப்பாயையோ கயிற்றில் கட்டி முன்பக்கம் இறக்கினால் நகர்வு குறையும், படகும் அலைக்கு முகம் காட்டி நிற்கும். பக்கவாட்டில் அலை வாங்குவதுதான் கவிழ்க்கும்.

ஆபத்தைக் காட்டக் கொளுத்தும் கைத்தீவட்டி ஒரு நிமிடம்தான் எரியும். ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 வினாடி. ஆரஞ்சுப் புகை மூன்று நிமிடம். கப்பலோ விமானமோ கண்ணுக்குத் தெரியாமல் கொளுத்தினால் வீண். இரவுக்குச் சிவப்பு, பகலுக்குப் புகை. காற்று போகும் பக்கம் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பொறி படகுக்குள் விழும்; படகில் டீசல் இருக்கிறது. ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. அலுமினியத் தகடுகளைச் செங்குத்தாக ஒன்றோடொன்று பொருத்திய பிரதிபலிப்பானை உயரத்தில் கட்டினால் தெரியும். அதிகச் செலவும் இல்லை.

முதலில் வருவது கடலோரக் காவல்படையின் வெள்ளைக் கப்பலாக இருக்கும் என்பதும் இல்லை. மீட்பு மையம் அருகில் போய்க்கொண்டிருக்கும் சரக்குக் கப்பலைத் திருப்பிவிடும்; அப்படித் திரும்ப வேண்டியது கப்பல் தலைவரின் சட்டக் கடமை. கப்பலின் பக்கச்சுவர் பத்து மீட்டருக்கு மேல் இருக்கலாம். அவர் காற்றை மறித்து நிற்பார்; அவர் சொல்லாமல் ஒட்டிப்போகக் கூடாது. அலையில் படகு ஏறி இறங்கும்போது கயிற்றேணியைப் பிடிப்பவர், படகு மேலே வந்த நொடியில் ஏணிக்கு மாற வேண்டும். கீழே இருக்கும்போது பிடித்தால் அடுத்த அலையில் படகே காலை நசுக்கும். கடலோரக் காவல்படையின் இடைமறிப்புப் படகு 45 நாட் வரை ஓடும், ஆனால் அமைதியான கடலில். பெரிய ரோந்துக் கப்பல் 20 நாட்டில் வந்தாலும் 100 மைலுக்கு 5 மணி நேரம். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தளத்தில் கட்டிய விக்ரம் வகைக் கப்பல்கள், 98 மீட்டர் நீளம், 26 நாட் வேகம், ஏழும் இந்த வேலைக்கு வந்துவிட்டன. கடைசிக் கப்பல் விக்ரஹா 2021 ஆகஸ்டில் சேர்ந்தது.

ஹெலிகாப்டர் வந்தால் தார்ப்பாய், பெட்டி, தொப்பி எதையும் மேலே விடாதீர்கள். காற்றில் பறந்து இறக்கையில் மாட்டும். தொங்கி வரும் கம்பியை முதலில் தண்ணீரைத் தொட விட வேண்டும். காற்றில் சேர்ந்த நிலைமின்சாரம் அப்படித்தான் இறங்கும். நேராகக் கையால் பிடித்தால் தூக்கி அடிக்கும். கொக்கியைப் படகில் எதிலும் மாட்டவே கூடாது. மாட்டினால் விமானி கம்பியை வெட்டிவிடுவார், வேறு வழியில்லை. படகு ஓடுகிற நிலையில் இருந்தால் காற்று இடப்பக்க முன்முனையில் படுமாறு பிடியுங்கள். ஆளைத் தூக்கும் கருவி ஹெலிகாப்டரின் வலப்பக்கக் கதவில் இருக்கிறது, அப்படிப் பிடித்தால் விமானிக்குப் படகு கண்ணில் இருக்கும்.

வெள்ளைக் கப்பல் மறிக்கும் நாள்

1977 பிப்ரவரி 1 அன்று கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்கள், ஐந்து ரோந்துப் படகுகளோடு தொடங்கியது கடலோரக் காவல்படை. 1978 சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கடத்தல் சுங்கத்துறையின் கைமீறிப் போனதும், 1976-இல் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் நம்முடையதானதும் காரணங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயுதப்படை, ஆனால் அமைதிக்காலத்துக் காவல் வேலை. ஆபத்திலிருக்கும் மீனவர்களுக்கு உதவுவது சட்டத்திலேயே எழுதிய கடமை. தமிழ்நாட்டின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வேறு. 1994-இல் வந்த மாநிலக் காவல்துறைப் பிரிவு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கரையோரத்தில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. சாகர் கவாச் ஒத்திகையின்போது பயங்கரவாதி வேடத்தில் காவலர்களே மீன்படகில் வந்து இறங்கப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் காசிமேட்டுப் படகுகளுக்குச் சோதனை கூடும், எரிச்சலும் கூடும்.

மறிக்கும்போது சைரன், விளக்கு, 16-ஆம் சேனல், அல்லது கறுப்பும் மஞ்சளும் நாலு கட்டமாக உள்ள கொடி; "உடனே நிறுத்து" என்று பொருள். வேகத்தைக் குறைத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். வலை தண்ணீரில் இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று உடனே சொல்லிவிடுங்கள். அவர்கள் காற்றாடியில் சுற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம். ஆட்கள் எல்லோரும் கண்ணில் படும்படி முன்பக்கம் நிற்பது நல்லது. பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை, கிளம்பும்போது வாங்கிய டோக்கன் இவற்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்தால் பத்து நிமிட வேலை. டோக்கனில் எட்டுப் பேர், படகில் ஒன்பது பேர் என்றால் அது நீளும்.

அந்த எண்ணிக்கை வேறொரு நாளில் உயிர்க்கணக்காகும். கவிழ்ந்த படகிலிருந்து எட்டுப் பேரை ஏற்றியதும் டோக்கனைப் பார்த்துத் தேடலை நிறுத்தினால், கடைசி நேரத்தில் ஏறிய ஒன்பதாவது ஆள் தண்ணீரில் இருப்பார். மாறாக, கிளம்பும்போது இறங்கிக்கொண்டவரின் பெயர் பட்டியலில் இருந்தால், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவருக்காக விமானம் பறக்கும்.

இதே மாதிரிதான், காணவில்லை என்று சொன்ன படகு தானாகவே கரை சேர்ந்துவிடுவதும். மெஷின் சரியாகிப் பழவேற்காட்டிலோ கிருஷ்ணப்பட்டினத்திலோ ஒதுங்கிவிடுவார்கள். வீட்டுக்கும் சங்கத்துக்கும் சொல்வார்கள். 1554-க்குச் சொல்ல யாருக்கும் தோன்றாது. மையத்தில் அந்தக் கோப்பு திறந்தே இருக்கும், கப்பல் கட்டம் கட்டமாகத் தேடிக்கொண்டே இருக்கும், இன்னொரு படகு நிஜமாகக் கூப்பிடும்போது அது தப்பான திசையில் 60 மைல் தள்ளி நிற்கும். புகார் கொடுத்தவரே, அதே பதிவு எண்ணைச் சொல்லி, படகு எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேரோடு வந்து சேர்ந்தது என்று கூப்பிட்டு மூடிவிட வேண்டும். டாட் பட்டனை அழுத்தியிருந்தால் கரைக்கு வந்தபின் கருவியை அணைத்தாயிற்றா என்பதையும் பார்த்துவிடுங்கள்.